பூட்டிய பீரோ

நம் சங்கத்துப் புத்தக பீரோ சென்ற மாதம் திறக்கப்பட்டது. எத்தனை ஆண்டு கழித்து என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சாவி, மகனோடு பெங்களூருக்குக் குடிபோன முன்னாள் பொருளாளர் ஒருவரின் கொத்தில் இருப்பதாக ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, ஹாலுக்கு வெள்ளையடித்தபோதே அது தொலைந்து போயிற்று என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். முடிவில் லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து ஒரு பூட்டுக்காரரை அழைத்து வந்து, இருநூறு ரூபாய் கூலி கொடுத்துத் திறந்தோம்.

உள்ளே இருந்ததைக் கணக்கெடுத்தோம். ரயில்வே குமாஸ்தாக்கள் எதையும் பதிவேட்டில் ஏற்றாமல் விடமாட்டார்கள் என்று கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். மொத்தம் 214 உருப்படிகள். கும்பாபிஷேக மலர்கள், தீபாவளி மலர்கள், வீட்டு வைத்தியம், ஜோதிடம், யாரோ பைண்டு செய்து வைத்த வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகம் மட்டும் இல்லை. 1994-ஆம் வருஷத்து வருமான வரி வழிகாட்டி ஒன்று பத்திரமாக இருந்தது. அதை ராமபாணப் பூச்சிகூடத் தொடவில்லை. மற்றவற்றில் முப்பதுக்கு மேல் துளைத்துச் சல்லடையாகிக் கிடந்தன. பத்து வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை கையில் எடுத்துப் படிக்கத் தக்கது எத்தனை? ஒன்றே ஒன்று. அட்டை கிழிந்த ஓர் அம்புலிமாமா.

இந்த பீரோவைத்தான் ஆண்டறிக்கைதோறும் ‘சங்க நூலகம்’ என்று அச்சடித்து வந்திருக்கிறோம்.

யாழ்ப்பாணம் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டதையும், சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதையும் நம் மேடைகளில் பேசாத ஆண்டுவிழா கிடையாது. பேச வேண்டியதுதான். ஆனால் அந்த நூலகத்தை வெறியர்கள் எரித்தார்கள் என்றால், நம் பீரோவை இந்தக் கதிக்கு ஆளாக்கியது யார்? ராமபாணத்துக்கு இனவெறி கிடையாது, தோழர்களே!

இதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், வயது ஒன்பது. அப்பா ரயில்வேயில் கேங்மேன். அம்மா விடியற்காலையில் தெருவோரத்தில் இட்லிக் கடை போடுகிறார். அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் பாடா நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். அம்மா சாயங்கால வியாபாரம் முடித்து வந்து அழைத்துப் போகும்வரை அங்கேதான் இருப்பாள். குழந்தைகள் பகுதியில் இருக்கிற வங்காளப் புத்தகங்களை ஒன்று விடாமல் இரண்டு முறை படித்து முடித்துவிட்டாள். சுகுமார் ராயின் வேடிக்கைப் பாட்டுகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். அவளிடம் நம் மாத இதழைக் கொடுத்து முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னோம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். மூன்றாவது வரியில் நின்று, “மாமா, இதிலே கதை ஏதும் இல்லையா?” என்று கேட்டாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசை இல்லை என்று நம் கூட்டங்களில் யாராவது இனிமேல் சொன்னால், இந்தப் பெண்ணை அழைத்து வந்து அவர் எதிரில் உட்கார வைப்போம். ஆசை இருக்கிறது. புத்தகம்தான் இல்லை. எதைப் படிப்பது என்று கேட்கிற பிள்ளைக்கு நாம் காட்டுவது கும்பாபிஷேக மலரை!

அந்த நூலகத்துக்கு நாங்கள் நான்கு பேர் போனோம். நூலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; குறை ஒரு நூலகத்தோடு நிற்பதல்ல. சிறிய இடம். ஒரு ஹால், ஓர் ஓரத்தில் குழந்தைகளுக்குக் குட்டை மேஜை, ஆறு நாற்காலி. நூலகர் அம்மையார் வாரத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் வேறொரு நூலகத்தில். மேற்கு வங்கத்தில் சர்க்கார் ஆதரவில் நடக்கும் பொது நூலகங்கள் சுமார் 2,480 என்பார்கள்; அவற்றில் நூலகர் நாற்காலி காலியாகக் கிடப்பவை எத்தனையோ. ஆகவே இருக்கிற ஒருவர் இரண்டு இடத்துக்கும் ஓடுகிறார். அந்த அம்மையார் நம்மை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். தமிழ்க் குழந்தைப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரித் தட்டு வேண்டும் என்றோம்.

“தாதா, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்தப் புத்தகம் எது என்று எனக்கு யார் சொல்வார்கள்? முதுகில் எழுதியிருப்பதை என்னால் படிக்க முடியாது. பதிவேட்டில் எப்படி ஏற்றுவேன்? ஒரு பிள்ளை வந்து கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பேன்?” என்றார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார். வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய புத்தகத்தை எழுதி வைக்கும் நோட்டு. “பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறேன். தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று ஒருவர்கூட எழுதவில்லை.”

நாங்கள் நான்கு பேரும் தேநீரைக் குடித்தோம். வேறு என்ன செய்ய?

ரயில்வேயில் இருப்பவர்களுக்குத் தெரியும், இண்டெண்ட் போடாத சாமான் ஸ்டோரிலிருந்து வராது. பதினாலு வருஷமாக இண்டெண்ட் போடாமல், சாமான் வரவில்லை என்று மேடையில் முழங்கிக்கொண்டிருக்கிறோம். கரக்பூர்த் தெலுங்குத் தோழர்களைப் பாருங்கள். பி.என்.ஆர். காலத்தில் நம்மைப் போலவே தண்டவாளத்தோடு வந்தவர்கள்தானே அவர்களும்? விடாமல் கேட்டார்கள். 2020 டிசம்பரில் மேற்கு வங்க அமைச்சரவை தெலுங்குக்கு ஆட்சிமொழி அந்தஸ்து கொடுக்க முடிவு செய்தது. உருதுவுக்கு உண்டு, நேபாளிக்கு உண்டு, சந்தாலிக்கு உண்டு. எல்லாம் நியாயமே, அவர்களுக்குக் கிடைத்ததில் நமக்குப் பொறாமை இல்லை. நாம் ஆட்சிமொழி கேட்கவில்லை. ஓர் அலமாரியில் ஒரு தட்டு கேட்கிறோம். அதைக்கூட எழுதிக் கேட்கவில்லை என்பதுதான் வெட்கம்.

சங்கத்தில் மூத்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது, அங்கே தமிழ்ப் பகுதியே இருக்கிறது, பாடா நூலகத்தில் போய் ஏன் பிச்சை கேட்க வேண்டும்?” என்றார். அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பெல்வெடேர் மாளிகையில் 1953-லிருந்து இருக்கும் தேசிய நூலகம் நாம் பெருமைப்பட வேண்டிய இடம், சந்தேகமில்லை. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்தொகுதி அங்கேதான் இருக்கிறது. அதைவிட முக்கியமானது 1954-ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் தன் செலவில் தேசிய நூலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, டெல்லியில் உள்ள நூலகங்களுக்கும் அதே போல. இதன் பொருள் என்ன? சென்னையில் அச்சாகும் தமிழ்க் குழந்தைப் புத்தகம், சட்டப்படி, 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து நம் ஊருக்கு வந்து சேர வேண்டும். வந்து, லேக் மார்க்கெட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் அலிப்பூரில் இருக்கிறது. ஆனால் அது பாதுகாத்து வைப்பதற்காக வரும் பிரதி. ஆராய்ச்சியாளர் பார்க்கலாம். இட்லிக் கடைக்காரரின் மகள் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், தம்பிக்குப் படித்துக் காட்டி, மூலையில் எண்ணெய்க் கறை பட்டுத் திருப்பிக் கொடுக்க முடியுமா? குழந்தைக்குப் புத்தகம் என்றால் எண்ணெய்க் கறை படும். படாத புத்தகம் படிக்காத புத்தகம்.

புத்தகம் காப்பாற்றி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்பதையே முதல் விதியாக வைத்தவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். உலகம் முழுவதும் நூலகப் படிப்பில் அதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிற்று. ஏற்பாடு செய்தவர் கனகசபைப் பிள்ளை. மாட்டு வண்டியில் புத்தகத்தை வாசகன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோன வழியில் வந்தவர்கள், இன்று அலிப்பூருக்கு பஸ் ஏறிப் போ என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம்!

அடுத்த ஆட்சேபம் இதைவிட ஆபத்தானது. ஏனென்றால் அன்பிலிருந்து வருகிறது. வங்காளப் புத்தகத்துக்குப் பக்கத்தில் தமிழ்ப் புத்தகத்தை வைத்தால் பிள்ளைக்கு இரண்டும் குழம்பிப் போகும். தமிழ் தனியாக, நம் ஹாலில், நம் கண்பார்வையில் இருக்கட்டும் என்கிறார்கள். குழப்பம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வங்காளத்தில் நம் ‘வ’ ஒலி இல்லாததால் விஜயா பள்ளிக்கூடத்தில் பிஜயா ஆகிறாள். அங்கே ககரம் நாலு, இங்கே ஒன்று. ‘ழ’வுக்கு அங்கே இடமே இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து பழத்தைப் பலம் என்கிறது. ஆனால் இந்தக் குழப்பம் தீர்வது எதனால்? வங்காளத்தைப் பிடுங்கிக்கொள்வதாலா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதாலா? இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு ஒரு மொழி இன்னொன்றுக்குக் கைத்தாங்கல். வங்காளிகள் குழந்தை குட்டிகளைச் ‘செலேபிலே’ என்பார்கள். அந்தப் பின்பாதி நம் ‘பிள்ளை’தான் என்று மொழி அறிந்தவர்கள் சொல்வதுண்டு. அதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

வங்காளம் படித்ததால் தமிழ் கெட்டதா? த.நா. குமாரஸ்வாமி, த.நா. சேனாபதி சகோதரர்கள் வங்காளத்தைக் கற்று, அங்கிருந்து நேராகத் தமிழுக்கு எத்தனை கொண்டு வந்தார்கள்! நம் ஊரிலேயே நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி இல்லாவிட்டால் அதீன் பந்த்யோபாத்யாயின் நாவல் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்று தமிழனுக்குக் கிடைத்திருக்குமா? அடுத்த கிருஷ்ணமூர்த்தி எங்கே இருந்து வருவார்? அந்தக் குட்டை மேஜையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடமிருந்துதானே வர வேண்டும்?

எந்தப் புத்தகம் வாங்குவது என்பதற்கும் வழி இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்டின் ‘நேரு பால புத்தகாலயம்’ வரிசையைத் தெரிந்தவர்கள் தெரிந்திருப்பார்கள். ஒரே கதை, ஒரே படங்கள். எழுத்து மட்டும் ஒவ்வொரு மொழியிலும் வேறு. அதன் தமிழ்ப் பிரதியையும் வங்காளப் பிரதியையும் ஒரே தட்டில் வைத்தால் போதும், பிள்ளைக்கு வாத்தியாரே வேண்டாம். படம் ஒன்றாக இருப்பதால் வங்காளத்தில் படித்த வாக்கியத்துக்குத் தமிழ் எது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலானவை நூறு ரூபாய்க்குள். டிரஸ்டின் கிழக்கு மண்டல அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னைத் தூலிகா பதிப்பகமும் படப் புத்தகங்களைத் தமிழ், வங்காளம் உட்பட ஒன்பது மொழிகளில் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-லிருந்து ‘ஸ்டோரிவீவர்’ என்ற தளத்தில் கதைகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. தமிழிலும் வங்காளத்திலும் இறக்கி அச்செடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. போனிலேயே படிக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று: கேங்மேன் வீட்டில் போன் ஒன்றுதான். அது அவரோடு டியூட்டிக்குப் போய்விடும்.

அம்புலிமாமாவும் வங்காளத்தில் ‘சாந்த்மாமா’ என்று வந்ததுதான். இரண்டும் இப்போது நின்றுவிட்டன. எங்கள் பீரோவில் மிஞ்சிய அந்த ஒன்றை அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இன்னும் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இனி சர்க்காரிடம் வருவோம். நம்மை நாமே திட்டிக்கொள்வதோடு முடித்துக்கொண்டால் அவர்களுக்குச் சௌகரியமாகிவிடும். மேற்கு வங்கப் பொது நூலகச் சட்டம் 1979-ல் வந்தது. மாவட்டந்தோறும் உள்ளூர் நூலக ஆணையம் என்று ஒன்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1948 சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி வாங்குகிறார்கள்; இங்கே அப்படி வரி இல்லை, சர்க்கார் மானியம்தான். வரி கட்டாதவர்களுக்கு என்ன உரிமை என்று நம்மவரே சிலர் கேட்கிறார்கள். மானியம் யார் வீட்டுப் பணம்? நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கொடுக்கும் வரிதானே அது? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, 1956 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது, சொல்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தமிழ்ப் பள்ளிக்கூடம் திறக்க இங்கே பிள்ளைகளின் எண்ணிக்கை போதாது என்பார்கள். சரி, பள்ளிக்கூடம் வேண்டாம். முப்பது புத்தகத்துக்குமா எண்ணிக்கை போதாது?

பணம் இல்லை என்பதும் செல்லாது. மத்திய சர்க்காரின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972-ல் தொடங்கியது. அதன் தலைமையகம் நம் சால்ட் லேக்கில்தான் இருக்கிறது. மாநிலம் போடும் பணத்துக்கு ஈடு போட்டுப் புத்தகம் வாங்கித் தருவது அதன் வேலை. பொது நூலகங்களில் குழந்தைகள் பகுதி அமைக்கத் தனித் திட்டமும் வைத்திருக்கிறது. விண்ணப்பம் நூலகத்திலிருந்து கிளம்பி மாநில சர்க்கார் வழியாகப் போக வேண்டும். நூலகத்திலிருந்து கிளம்ப வேண்டுமானால் நூலகத்தின் நோட்டில் யாராவது எழுதியிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அந்த நோட்டுக்குத்தான் வருகிறோம். வாங்கும் பட்டியலைத் தயாரிக்கும் கமிட்டிக்கு நாம் சொல்வது இது: வட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் எல்லா நூலகத்துக்கும் ஒரே கட்டை அனுப்புவது புத்தகம் வாங்குவதல்ல, கிடங்கை நிரப்புவது.

வசதியுள்ள நம்மவர் வீடுகளில் இந்தக் கவலை இல்லை. சென்னைக்கு விமானத்தில் போகிறார்கள், பெட்டி நிறையப் புத்தகம் கொண்டு வருகிறார்கள், அல்லது பிள்ளைக்குத் தமிழே வேண்டாம் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். எப்படியானாலும் பாடா நூலகம் அவர்களுக்குத் தேவையில்லை. சங்கக் கமிட்டியில் பெரும்பான்மை அவர்கள்தான். ஹாலுக்கு ஏ.சி. வைக்க நிதி திரட்டும் தீர்மானம் ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. புத்தகத் தீர்மானம் மூன்று கூட்டமாக ‘அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்’. பொது நூலகம் ஒன்றையே நம்பியிருப்பது இட்லிக் கடை, வாழை இலை வியாபாரம், கேங், துறைமுகம், வீட்டு வேலை என்று நிற்கும் குடும்பங்கள். சங்கத்தில் சந்தா ஒழுங்காகக் கட்டுவதும் அவர்கள்தான். கணக்குப் புத்தகம் எங்கள் கையில் இருப்பதால் சொல்கிறோம்.

ஆகவே ஏ.சி. நிதியை நிறுத்தச் சொல்லவில்லை. அதிலிருந்து முதல் பத்தாயிரம் ரூபாயைப் புத்தகத்துக்குத் திருப்ப வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வருகிறோம். வாங்கும் புத்தகம் ஒன்றுகூட நம் பீரோவுக்கு வரக்கூடாது. நேராகப் பொது நூலகத்துக்கு நன்கொடையாகப் போக வேண்டும். அங்கே அது வங்காளப் பிள்ளைகளின் கண்ணிலும் படட்டும். நூலகர் அம்மையார் கேட்ட கேள்விக்கும் பதில் தயார். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நாலு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் தலைப்பை வங்காள எழுத்தில் எழுதி ஒட்டுவார்கள். உள் அட்டையில் கதை என்ன, எந்த வயதுக்கு என்று இரண்டு வரி வங்காளத்தில் எழுதுவார்கள். பதிவேட்டிலும் ஏற்றித் தருவார்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் குட்டை மேஜையருகே யாராவது ஒரு தாய்மார் உட்கார்ந்து ஒரு கதையைத் தமிழில் படிக்க வேண்டும். எனக்குப் படிக்கத் தெரியாதே என்று இரண்டு அம்மாக்கள் தயங்கினார்கள். வாயால் சொல்லத் தெரிந்தால் போதும். படிப்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு நூலக வாசலில் கூடுகிறோம். கோஷம் வேண்டாம், பேனர் வேண்டாம். அது படிக்கும் இடம். வரிசையாக உள்ளே போய் ஒவ்வொருவரும் அந்த நோட்டில் ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்கள் அன்றே உறுப்பினராகச் சேர, விலாசத்துக்கு அத்தாட்சி ஏதாவது ஒன்று கொண்டு வரவும். கையெழுத்தைத் தமிழில் போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போடலாம். அதன் கீழே உங்கள் பெயரை வங்காள எழுத்தில் எழுத, கூடவே பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.